காதறுந்தவள் தோண்டிய ஊற்று

அந்தச் சித்திரை முழுவதும் ஸும்ரா கழுதைகளோடு சண்டை பிடித்தபடியே இருந்தாள். கற்பிட்டிக் கரையில் கழுதைக்கு என்ன பஞ்சமா? நடு வீதியில் படுத்துக் கிடக்கும், பஸ்காரன் ஹோர்ன் அடித்து ஓய்ந்தாலும் எழும்பாது. கடை வாசலில் இருக்கும் வெறும் சாக்கைத் தின்னும். யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் தொல்லை. ஆனால் ஆலங்குடாவுக்குக் கிட்ட, தென்னந்தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் மணல் காணிக்கு வருகிற கூட்டம் இருக்கிறதே, அது வேறு சாதி. வேலியில் எந்த மட்டை உக்கிப் போயிருக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் மூக்கால் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி ஒருத்தி. இடது காது பாதி அறுந்தவள், பக்கத்தில் எப்போதும் ஒரு குட்டி. ஸும்ரா அவளுக்குக் காதறுந்தவள் என்று பேரே வைத்துவிட்டாள். பேர் சொல்லி ஏசினால்தான் ஏச்சுப் போய்ச் சேரும் என்பது அவள் கட்சி.

மாதர் சங்கம் அந்தக் காணியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தபோது கடைசி இரண்டு துண்டுகள் ஸும்ராவுக்கும் கத்தரினாவுக்கும் விழுந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரு கிணறு, ஒரு தண்ணீர் மோட்டார். ஸும்ரா முசலிப் பக்கத்து ஆட்களின் மகள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டபோது உம்மாவின் இடுப்பில் இருந்து வந்தவள். கத்தரினா இந்தக் கரையிலேயே பிறந்த மீன்பிடிக் குடும்பம், வயதிலும் மூத்தவள். ஸும்ரா வெண்டி, கத்தரி, பீட்றூட், பயிற்றை என்று வயிற்றுக்கு ஆகிறதைப் போட்டாள். கத்தரினா அந்த வருஷம் பூ மட்டும்தான் போட்டாள்.

அதற்குக் காரணம் ஊரறிந்தது. போன வருஷம் சோளகக் காற்றுத் தொடங்கிய நேரம் அவள் புருஷன் ஜூட்டின் படகு இயந்திரம் நடுக்கடலில் நின்றுபோனது. ஆள் போன திசை தெரியவில்லை. கரையே அழுது ஓய்ந்த பிறகுதான் வேறொரு படகு அவனை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது. ஆளைக் காணாமல் தவித்த அன்றைக்குக் கோயில் படியில் முழங்காலில் நின்று கத்தரினா நேர்ந்துகொண்டாள். அடுத்த மே மாதம், மாதாவின் மாதம் முடிகிற அன்று, பவனியில் மாதா சுரூபத்தைச் சுற்றி வைக்கிற பூ முழுக்கத் தன் கையால் வளர்த்த பூவாக இருக்க வேண்டும், கடைப் பூ ஒன்று கூட இருக்கக் கூடாது. செவ்வந்தி, வாடாமல்லி, நடுவில் மாதாவுக்கென்று வெள்ளை ஜினியா. பாத்தி பாத்தியாகப் போட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

ஸும்ராவுக்கு நேர்த்தியெல்லாம் இல்லை. ஆனால் அவளுக்கு ஒரு வியாதி உண்டு என்று அவள் புருஷன் முபாரிஸ் சொல்லுவான். மணலைப் பிளந்துகொண்டு ஒரு முளை தலை காட்டினால் போதும், குந்தியிருந்து "சுப்ஹானல்லாஹ்" என்பாள். பயிற்றங்கொடி இரவுக்குள் கம்பைச் சுற்றியிருந்தால் அதற்கொரு சுப்ஹானல்லாஹ். காலால் உதைத்தால் பறக்கிற வெறும் கடல் மணலில் இருந்து இத்தனை பச்சை எப்படி வருகிறது என்று அவளுக்கு ஒவ்வொரு முறையும் புதுசாகத்தான் இருந்தது. பாலாவியிலிருந்து உப்பு ஏற்றும் லொறி ஓட்டுகிற முபாரிஸ், ஒரு வெண்டிக்காய்க்கு இத்தனை தஸ்பீஹா என்று சிரிப்பான். சிரிக்கட்டும். வியக்கத் தெரியாதவனுக்கு வெண்டிக்காய் வெறும் கறிதான்.

சித்திரையில் இரண்டு இடியும் நாலு மழையும் வரவேண்டும். அந்த வருஷம் வரவில்லை. பின்னேரத்தில் வாவிப் பக்கம் முகில் கறுத்துக் கட்டும், மின்னும், புத்தளம் பக்கத்தில் பெய்கிற மழையின் வாசம் கூடக் காற்றில் வரும். தோட்டத்துக்கு ஒரு சொட்டு விழாது. ஸும்ரா முகத்தை அண்ணாந்தபடி நிற்பாள், வாசத்தை மட்டும் மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. மோட்டார் போட்ட கொஞ்ச நேரத்தில் காற்றை இழுத்துக் கொர்கொர் என்றது.

அந்த நேரம் பார்த்துச் சிலாபத்தில் கத்தரினாவின் மகள் நிஷாந்தினிக்குப் பிள்ளைப்பேறு. போகாமல் இருக்க முடியுமா? பூவை ஸும்ராவின் கையில் ஒப்படைத்துவிட்டு, பின்னேரம் மட்டும் ஊற்று, கொஞ்சமாக ஊற்று என்று சொல்லிவிட்டுக் கத்தரினா பஸ் ஏறினாள். சரி, சொன்னதைச் செய்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஸும்ராவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது இந்த மாதிரி ஆட்களுக்குத்தான்.

முசலியில் கிணறு வற்றினால் என்ன செய்வார்கள்? இன்னும் இரண்டு முழம் இறக்குவார்கள். அவள் வாப்பா செய்தது அது, வாப்பாவின் வாப்பா செய்ததும் அதுதான். தண்ணீர் கீழே ஒளிந்திருக்கிறது, போய்ப் பிடிக்க வேண்டியதுதான். கத்தரினா அக்கா திரும்பி வந்து பார்க்கும்போது கிணறு நிறையத் தண்ணீர் நிற்க வேண்டும், அக்கா வாயைப் பிளக்க வேண்டும். இந்த ஆசைதான் அவளைக் கெடுத்தது. முபாரிஸ் லீவு போட்டான், அவன் மச்சான் ஃபைஸலும் வந்தான். அவர்களும் மன்னார்க்காரர்தானே, மாற்றிச் சொல்ல யார் இருந்தார்கள்? கிணற்றின் அடியை வெட்டி, இரண்டு சிமெந்து வளையம் புதிதாக இறக்கினார்கள்.

தண்ணீர் வந்தது. சும்மா வரவில்லை, பொங்கிக்கொண்டு வந்தது. வளையத்துக்கு மேலே மேலே ஏறியதைப் பார்த்து ஸும்ரா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேவிட்டாள். அன்றைக்கும் மறுநாளும் மோட்டாரை நிற்பாட்டவில்லை. பாத்திகள் குளம் கட்டி நிற்க நிற்க ஊற்றினாள். கத்தரினாவின் பூவுக்கு ஒரு மடங்கு கூடவே ஊற்றினாள்.

பிறகு வெண்டி இலையின் ஓரம் பழுத்தது. வெயில் என்று நினைத்தாள். ஜினியாவின் அடி இலைகள் கருகிச் சுருண்டன. அதையும் வெயிலின் தலையில் போட்டாள். ஒரு காலை பாத்தி வரம்பில் மணல் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கிணற்றடிக்கு ஓடி வாளியில் அள்ளி ஒரு வாய் குடித்தாள். குடித்ததைத் துப்பிவிட்டு அப்படியே கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டாள். உவர். கடலைக் கொண்டுவந்து அவள் கையாலேயே அக்காவின் பூவுக்கு ஊற்றியிருக்கிறாள்.

கத்தரினா பேரனைக் கண்ட முகத்தோடு, கையில் சிலாபத்து இனிப்புப் பொட்டலத்தோடு நேராகத் தோட்டத்துக்கு வந்தாள். ஸும்ரா ஒன்றையும் மறைக்கவில்லை, நடந்ததைத் தலை குனிந்தபடி சொல்லி முடித்தாள். கத்தரினா கத்தியிருந்தால் நல்லது. அவள் பாத்தியில் குந்தி ஒவ்வொரு செடியாகப் புரட்டிப் பார்த்தாள். செவ்வந்தி பாதி போய்விட்டது. ஜினியாவில் மேல் குருத்து மட்டும் பச்சையாக, சில செடிகளில் அரும்பு கூட இருந்தது. அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடிதான் பேசினாள்.

"இந்த மண்ணுல நல்ல தண்ணி கீழ இல்ல ஸும்ரா. மேலதான் இருக்கு. அங்கால கடல், இஞ்சால வாவி, அடியில முழுக்க உப்புத் தண்ணி. பெய்ற மழை அதுக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது. நீ அத ஓட்ட போட்டுட்டாய்."

ஸும்ராவுக்கு அந்த நேரத்திலும், அந்தக் குற்றத்துக்கு நடுவிலும், உடம்பு சிலிர்த்தது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக இந்த மணலில் நடக்கிறாள், வீடு கட்டியிருக்கிறாள், பிள்ளை பெற்றிருக்கிறாள். காலுக்குக் கீழே ஒரு கடல் படுத்துக் கிடக்க, அதன் முதுகில் ஒரு மெல்லிய நல்ல தண்ணீர் படுத்துக் கிடக்க, அதன் மேல் இவர்கள் வெண்டி நட்டிருக்கிறார்கள். ஒன்று மற்றொன்றோடு கலக்காமல் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? அவள் காலை மணலில் மெதுவாக வைத்து நின்றாள்.

புத்தளத்தில் போய் நல்ல பூவாக வாங்கித் தருகிறேன் என்று தெரியாத்தனமாக ஒரு சொல் சொன்னாள். கத்தரினா அவளை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அந்தச் சொல் அங்கேயே செத்தது. கடைப் பூ என்றால் நேர்த்தி இல்லை. நேர்த்தி இல்லையென்றால், ஜூட் மறுபடி கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் கத்தரினா எப்படிக் கரையில் நிற்பாள்?

அதற்குப் பிறகு ஸும்ரா படாத பாடு இல்லை. குழாய்த் தண்ணீர் நினைத்த நேரத்தில்தான் வரும், வந்தால் குடிக்க மட்டும்தான் காணும். வீட்டில் குளிப்பைக் குறைத்தாள், அரிசி கழுவிய தண்ணீரைச் சேர்த்தாள், தண்ணீர்க் கான்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வெயிலில் தள்ளினாள். கொண்டுவந்த தண்ணீர் எல்லாம் ஜினியாவுக்கு. தன் பாத்திப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பயிற்றை காய்ந்து கம்போடு ஒட்டிக்கொண்டது. அதற்கிடையில் சோளகமும் எழும்பிவிட்டது. ஆலங்குடாக் கடலில் வெள்ளைக்காரர் பட்டத்தில் தொங்கிக்கொண்டு பறக்க, அதே காற்று இங்கே மணலை அள்ளிச் செடியின் முகத்தில் எறிந்தது. மாதாவின் மாதம் பாதி கழிந்துவிட்டது. அரும்புகள் விரியவும் இல்லை, சாகவும் இல்லை.

ஒரு நாள் சுபஹு தொழுதுவிட்டு, விடிந்தும் விடியாததுமாக அவள் தோட்டத்துக்கு வந்தபோது வேலிக்கு அங்கால், தாழம்பற்றைக்குக் கீழே இருக்கிற பள்ளத்தில், காதறுந்தவள் நின்றாள். ஸும்ராவுக்கு வந்ததே கோபம். இருக்கிற அநியாயம் போதாதென்று நீயுமா என்று தடியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தடி தூக்கியபடியே நின்றுவிட்டது.

கழுதை முன்னங்காலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. ஒரு காலால் நாலு தரம் இழுக்கும், மறு காலால் நாலு தரம். ஒரு முழம் கூட இல்லை, அதற்குள் நிறுத்திவிட்டது. நிறுத்திவிட்டு ஓரடி பின்னுக்கு எடுத்து வைத்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா நின்றது. குட்டி முட்டிக்கொண்டு முன்னே வந்தது, அதைத் தோளால் ஒதுக்கியது. எதற்கு நிற்கிறது? யாரை எதிர்பார்க்கிறது? ஸும்ராவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாழையில் காற்று இரைந்தது. பள்ளத்தின் அடியில் மணல் கறுத்தது, பிறகு மின்னியது, பிறகு மெல்ல மெல்ல ஒரு தட்டம் அளவு தண்ணீர் ஊறி வந்து, கலங்கல் அடங்கி, விடிகிற வானத்தின் நிறம் அதில் தெரிந்தது. அப்போதுதான் அந்தத் தாய் குட்டிக்கு வழி விட்டது. குட்டி குடித்தது. மறுபடி ஊறும் வரை காத்திருந்து, தாய் குடித்தது.

அவை நகர்ந்த பிறகு ஸும்ரா தடியைப் போட்டுவிட்டு முழங்காலில் விழுந்து இரண்டு கையாலும் அள்ளினாள். இனித்தது. அவள் குடித்த எந்தத் தண்ணீரும் அப்படி இனித்ததில்லை. ஹஜ்ஜுக்குப் போனவர்கள் போத்தலில் கொண்டுவருகிற ஸம்ஸம் தண்ணீரைச் சின்ன வயதில் ஒரு மூடி குடித்த ஞாபகம் வந்தது. அதுவும் மணலில் ஒரு குழந்தையின் காலடியில் ஊறியதுதானே. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! கற்பூரம் தெரியாவிட்டால் என்ன, அவள் இரண்டு வளையம் இறக்கித் தொலைத்ததை அது ஒரு முழத்தில் கண்டு வைத்திருக்கிறது. அந்தத் தண்ணீர் வேறெங்கும் போகவில்லை, அவள் காலுக்குக் கீழேயே மேலோட்டமாகக் கிடந்திருக்கிறது. ஸும்ரா அந்த மணலில் இருந்து சத்தம் போட்டு அழுதாள்.

கத்தரினாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். கத்தரினாவும் குடித்துப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஊரில் கிணறு வந்த பிறகு பள்ளத்துத் தண்ணீரை யார் தேடினார்கள் என்றாள். இரண்டு பேரும் அதற்குப் பக்கத்திலேயே அகலமாக, முழங்கை அளவு ஆழத்துக்கு மட்டும் ஒரு குழி எடுத்தார்கள். முதல் நாள் ஸும்ரா தன் அவசரப் புத்தியில் வாளியால் அள்ளினாள். கொஞ்ச நேரத்தில் நாக்கில் உவர் தட்டியது. வாளியை எறிந்துவிட்டுச் சிரட்டையை எடுத்தாள். மேலால் ஒரு சிரட்டை மொண்டு, பின்னுக்கு நகர்ந்து, கழுதை நின்ற மாதிரியே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். ஊறி அடங்கிய பிறகு அடுத்த சிரட்டை. வாழ்நாளில் ஒரு இடத்தில் ஒழுங்காக நின்றறியாத ஸும்ரா, அந்த மாதத்தின் மிச்ச நாள் முழுக்க அந்தக் குழியடியில் நின்றாள். நிற்க நிற்கத்தான், தண்ணீர் வருகிறது என்பதே எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்கு விளங்கியது.

கழுதைகளை என்ன செய்வது? குழியைச் சுற்றி முள்ளுக்கம்பி அடிப்போம் என்றான் முபாரிஸ். கண்டுபிடித்தவளையே வெளியில் நிற்பாட்டுவதா என்று ஸும்ரா அவன் மேல் பாய்ந்தாள். ஆனால் கழுதைகள் பள்ளத்துக்கு வந்துபோன பக்கத்தை யாரோ அந்தக் கிழமை வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். இனிப் பள்ளத்துக்கு வர வேண்டுமென்றால் கூட்டம் தோட்டத்துக்குள்ளால்தான் வர வேண்டும். வந்தால் அரும்பு தப்புமா? கத்தரினா பூசைக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, பவனிக்கு முந்தின நாள், ஸும்ரா முபாரிஸையும் கூட்டிக்கொண்டு வந்து ஒரு வேலை செய்தாள்.

மாதத்தின் கடைசி நாள் விடிய, பூ வெட்டக் கூடைகளோடு கத்தரினாவும் ஜூட்டும் வந்தார்கள். வந்தவர்கள் தூரத்திலேயே கண்டுவிட்டார்கள், தோட்டத்துக்குள் கழுதைக் கூட்டம். கத்தரினா கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓடிய வேகத்தில் வேலியில் மோதப் பார்த்தாள்.

பூப்பாத்திகளைச் சுற்றி, நேற்றுவரை இல்லாத நெருக்கிக் கட்டிய மட்டை வேலி, எலி கூட நுழையாத மாதிரி. அந்த மட்டைகளை அவளுக்குத் தெரியும். அவை ஸும்ராவின் துண்டைச் சுற்றி இருந்தவை. ஸும்ராவின் துண்டுக்கு இப்போது வேலியே இல்லை. வீதியிலிருந்து பள்ளம் வரைக்கும் திறந்து கிடந்தது. காதறுந்தவளும் கூட்டமும் மிச்சமிருந்த பீட்றூட் இலையைத் தின்றபடி, ஆற அமர நடந்து தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தன. நடுவில் சிரட்டையோடு ஸும்ரா நின்றாள். மட்டை வேலிக்குள்ளே வெள்ளை ஜினியா, பாத்தி முழுக்க, விரிந்து நின்றது.

ஸும்ரா எதிர்பார்த்த மாதிரிக் கத்தரினா வாயைப் பிளந்துதான் நின்றாள், ஆனால் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட ஸும்ராவுக்கு மறந்துவிட்டது. அவளும் பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை கருகலுக்குள்ளும் இந்த வெள்ளையை எங்கே ஒளித்து வைத்திருந்தது அந்தச் செடி? அடியில் கடல், மேலே நெருப்பு, பக்கத்தில் காற்று, நடுவில் சிரட்டைத் தண்ணீர். அதில் இது. யா அல்லாஹ், இது எப்படி?

பின்னேரம் பவனி வந்தது. ஸும்ராவும் முபாரிஸும் மற்ற அயல் சனத்தோடு வீதியோரம் நின்றார்கள். சுரூபத்தின் முன்தண்டை ஜூட் தோளில் வைத்திருந்தான். மாதாவின் கால்மாட்டில் இருந்து தோள் வரைக்கும் வெள்ளைப் பூ. காற்று அடிக்க அடிக்க அது அசைந்தது, ஒன்று கூட விழவில்லை. ஸும்ராவின் நெஞ்சில் மட்டும் ஒரு முள் இருந்தது. தன் கையால் வளர்த்த பூ என்றல்லவா அக்கா நேர்ந்தாள்? இதில் எத்தனை சிரட்டை இவள் கை ஊற்றியது. நல்லது செய்யப் போய் மறுபடியும் கெடுத்துவிட்டேனா?

அவளைக் கண்டதும் கத்தரினா வரிசையை விட்டு விலகி வந்தாள். கண் கலங்கியிருந்தது. ஸும்ரா வாய் திறக்கும் முன்பே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ட கையெண்டுதான் நேர்ந்தனான். ரெண்டு கையில்ல, நாலு கையெண்டு மாதாட்டச் சொல்லிட்டன்."

ஸும்ராவின் முள் கழன்றது. கழன்ற இடத்தில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"ரெண்டு காலையும் சொன்னீங்களா அக்கா?"

"எந்தக் கால?"

காதறுந்தவள் மணல் கிளறிய தாழம்பற்றைப் பக்கம் ஸும்ரா கையைக் காட்டினாள். கத்தரினா ஒரு கணம் விளங்காமல் பார்த்தாள், பிறகு விளங்கியது. சிரிக்கவில்லை. திரும்பி, ஜெபமாலைக் கையோடு பவனியை விலக்கிக்கொண்டு, சுரூபத்துக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்து, அண்ணாந்து என்னவோ சொன்னாள். அது என்னவென்று ஸும்ராவுக்குத் தெரியும்.